பிலோமியின் இடது காது

அன்புள்ள பிலோமி,

கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள். இந்தப் பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று. ஆனாலும் பார், இந்த வயதில் எழுத்துப் படித்து நானே எழுதுகிறேன்! உனக்குக் காது கேட்காமல் போன பிறகு, மகள் வீட்டில் இருக்கும் உன்னோடு பேச வேறு வழி ஏது?

போன வாரம் மருமகள் ஜூலியா தான் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரிக்கு என்னை மெட்ரோவில் அழைத்துப்போனாள். உன் ஸ்கேனை வைத்து இடது காதைக் கம்ப்யூட்டரில் படமாகச் செய்திருக்கிறார்கள். இளம் டாக்டர்கள் அதைத் துளைத்துத்தான் ஆபரேஷன் பழகுகிறார்கள். நீ சம்மதக் கையெழுத்துப் போட்டாயாம். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“அச்சா! என்ன அழகான காது!” என்று ஒரு மீசைக்காரன் இந்தியில் வியந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாற்பது வருஷம் அதில் ரகசியம் பேசிய நான் வாசலோடு நின்றவன். இவன் தினமும் உள்ளறை வரை போய்வருகிறான்!

நானும் செய்வேன் என்று அடம்பிடித்தேன். பேனா மாதிரி ஒன்றைக் கொடுத்தார்கள். கொஞ்சம் அழுத்தியதுமே திரை சிவந்தது.

“ஐயோ மாமா, முக நரம்புல பட்டுடுச்சு! அத்தைக்கு வாய் கோணிடும்!” என்று ஜூலியா சிரித்தாள். ஒரு பொத்தானை அமுக்கினாள், காது பழையபடி ஆகிவிட்டது.

வெறும் படம்தான், தெரியும். ஆனாலும் கண்ணாடி முன் நின்று ஒருமுறை சிரித்துப் பார். வாய் நேராக இருக்கிறதா என்று உடனே எழுது. பதில் வராவிட்டாலும் அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நான் மறுபடி எழுத உட்காருவேன்.

உன் வீட்டுக்காரன்
துவாரகாவிலிருந்து