சித்தியின் கிரீன் கார்டும் குட்டியின் படமும்

மே 14, 1989, ஞாயிறு

காலை எட்டு மணிக்கே வெயில் சுடுகிறது. அக்னி நட்சத்திரம். ஒன்பதாம் வகுப்பு பாஸ், லீவு, கையில் புது நோட்டு. நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்திருக்கிறேன். எனக்கு நல்ல பெயர் வருகிற மாதிரி மாற்றி எழுத மாட்டேன்.

இன்றைய வேலைகள்: குட்டியைக் குளிப்பாட்ட அம்மாவுக்கு உதவி. லைப்ரரி புத்தகம் திருப்பித் தருவது (லைப்ரரி பூட்டு). வடகத்துக்குக் காக்கா விரட்டுவது.

குட்டி என்பது வசந்தி சித்தியின் மகன். ஏழு மாதம். சித்தி அம்மாவின் தங்கை. அமெரிக்காவில் நர்ஸ் வேலை, ஐந்து வருடமாக. சித்தப்பாவும் அங்கேதான், ஒரு தொழிற்சாலையில். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் நடக்க வேண்டும் என்று போன ஜூலையில் வயிற்றுப் பிள்ளையோடு வந்தாள். பாட்டி இல்லாததால் எங்கள் வீடுதான் அவளுக்குத் தாய்வீடு.

சித்தியிடம் கிரீன் கார்டு இருக்கிறது. அங்கேயே நிரந்தரமாக இருக்கலாம் என்பதற்கு அத்தாட்சி. பெயர்தான் கிரீன். வாங்கிப் பார்த்தேன், வெளுப்பு நிறம். வெளியே வந்து ஒரு வருடத்துக்குள் திரும்பாவிட்டால் செல்லாதாம். அப்புறம் எதற்கு நிரந்தரம் என்கிறார்கள் என்று கேட்டேன். சித்தி சிரித்தாள்.

அதனால் ஜூன் கடைசியில் போகிறாள். குட்டி இங்கேயே இருப்பான். அங்கே இரண்டு பேரும் வேலைக்குப் போனால் யார் பார்ப்பது? இரண்டு வயதானதும் வந்து அழைத்துப் போவார்கள். சித்தி இதைச் சொல்லும்போது குட்டியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்க்கிறாள். எனக்கு சந்தோஷம். உண்மையை எழுதுவதாகச் சொன்னேன், அதனால் எழுதுகிறேன்.

மே 17, புதன்

சாயங்காலம் மருந்துக்கடை மாமா வீட்டுக்கு சித்தப்பாவின் போன். தெருவில் அவர்கள் வீட்டில் மட்டும்தான் போன். நானும் ஓடினேன். சித்தி கத்திக் கத்திப் பேசினாள், பிறகு கத்துவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டே நின்றாள்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம்: “நான் திரும்ப உள்ள போறப்ப அவனும் எங்கூட வரணுமாங்க்கா. அப்படின்னா நேரா உட்டுடுவாங்க. நான் மட்டும் போயிட்டா, அப்புறம் அவனுக்குத் தனியா மனு போடணும். வருஷக்கணக்குல ஆவுமாம்.”

“பெத்த புள்ளைக்கு எதுக்குடி மனு?”

“அங்க அப்படித்தான்.”

சித்தப்பாவோடு வேலை செய்கிற ஒருவர் இப்படித்தான் பிள்ளையை ஊரில் விட்டுவிட்டுப் போனாராம். இன்னும் கூப்பிட முடியவில்லையாம். சித்தப்பா தன் வேலையை ராத்திரி ஷிப்டுக்கு மாற்றிக்கொள்கிறார், பகலில் அவரே பார்த்துக்கொள்வார்.

சித்தியின் பாஸ்போர்ட்டில் குட்டியின் பெயரையும் படத்தையும் சேர்க்க வேண்டும். அதற்கு சித்தியின் பாஸ்போர்ட்டையே மெட்ராஸுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அது உரிய நேரத்தில் திரும்பாவிட்டால் சித்தியும் போக முடியாது, கார்டும் போய்விடும்.

அம்மா இரண்டு தடவை அரிசி களைந்தாள். குழம்பில் உப்பே இல்லை. அப்படியே சாப்பிட்டோம்.

மே 19, வெள்ளி

கடைவீதி ஸ்டுடியோ. குட்டிக்கு மஞ்சள் சட்டை. ஸ்டுடியோக்காரரே மை டப்பா வைத்திருக்கிறார். அம்மா வைத்த பொட்டு சின்னதாக இருக்கிறதென்று கன்னத்தில் ஒரு ரூபாய் காசு அளவுக்குப் பெரிதாக்கினார். நெற்றியில் இன்னொன்று. நான் கேமராவுக்குப் பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டினேன். மூன்றாவது தடவைதான் நேராகப் பார்த்தான்.

அப்பா திங்கள் ராத்திரி ரயிலில் மெட்ராஸ் போகிறார். செராமிக் கம்பெனியில் ஒரு நாள் லீவு.

மே 23, செவ்வாய்

அப்பா வந்துவிட்டார். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டார்களாம். லைப்ரரி இன்றும் பூட்டு. குட்டி என் ரப்பரைக் கடித்துவிட்டான்.

ஜூன் 1, வியாழன்

தபாலில் குட்டியின் படங்கள் மட்டும் திரும்பி வந்தன. முகத்தில் அடையாளம் எதுவும் இல்லாத படம் வேண்டுமாம். கன்னத்தில் இருப்பது மச்சமா, காயமா என்று தெரியவில்லையாம். சித்தி படத்தைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். ஒரு மாதம்தான் பாக்கி.

அம்மா பொட்டில்லாமல் படம் எடுக்கவே கூடாது என்கிறாள். வீட்டில் இருக்கிற படமென்றால் பரவாயில்லை, இதை எத்தனை ஆபீசர்கள் பார்ப்பார்கள், அத்தனை கண்ணும் படும் அல்லவா என்று அவள் கேட்பதில் நியாயம் இருக்கிற மாதிரியும் இருக்கிறது, இல்லாத மாதிரியும் இருக்கிறது.

அப்பா: “பொட்டு வச்சா புள்ள இங்கயே இருந்துடுவான்னு நெனக்கிறியா?”

அம்மா சமையலறைக்குப் போய்விட்டாள். அப்பா அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

ஜூன் 2, வெள்ளி

காலையில் அம்மாவே கிளம்பச் சொன்னாள். ஸ்டுடியோக்காரர் பொட்டில்லாமல் குழந்தையைப் படம் பிடித்து எங்களுக்குப் பழக்கமில்லீங்களே என்றார். அம்மா மை டப்பாவை அவரிடமிருந்து வாங்கினாள். குட்டியின் வலது உள்ளங்காலில் பெரிய பொட்டாக வைத்தாள்.

“கால் படத்துல வராதில்ல?”

“வராதுங்க.”

“அப்ப எடுங்க.”

கேமராவைப் பார்ப்பதற்குள் குட்டி அந்தக் காலை வாயில் வைத்துக்கொண்டான். உதடெல்லாம் மை. துடைத்து, திரும்ப வைத்து, நான் காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து உட்கார்ந்து, ஒருவழியாகப் படம். வரும்போது எல்லோருக்கும் பன்னீர் சோடா. பஸ் ஸ்டாண்டில் சித்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தாள். இரண்டு பேரும் என் வயதுப் பெண்கள் மாதிரி இருந்தார்கள்.

அப்பா ஞாயிறு ராத்திரி ரயிலில் மறுபடியும் மெட்ராஸ் போகிறார்.

ஜூன் 15, வியாழன்

பள்ளி திறந்து மூன்றாம் நாள். பத்தாம் வகுப்பு ‘பி’. கணக்கு டீச்சர் புதுசு. மதியம் வீட்டுக்கு வந்தால் வாசலிலேயே தெரிந்துவிட்டது. சித்தியின் முகம். பாஸ்போர்ட் வந்துவிட்டது. உள்ளே குட்டியின் படம், கோபமாக, பொட்டில்லாத வெறும் கன்னத்தோடு.

அம்மா அதைப் பார்த்துவிட்டு, “புள்ள கருத்துத் தெரியறான்” என்றாள். அவ்வளவுதான். பிறகு கேசரி கிண்டினாள்.

ஜூன் 24, சனி

கிளம்பிவிட்டார்கள். அப்பா கூடப் போகிறார், மீனம்பாக்கம் வரை. சித்தியின் பெட்டியில் ஊறுகாய் பாட்டில்களை அப்பா கம்பெனியில் கோப்பைகளுக்குச் செய்வது மாதிரி வைக்கோல் வைத்து அடுக்கினார். வைக்கோலைக் கண்டால் அங்கே பெட்டியையே தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று சித்தி எல்லாவற்றையும் பிரித்தாள். அப்பாவுக்கு வருத்தம். கடைசியில் குட்டியின் துணிகளே வைக்கோல்.

ஜங்ஷனில் ரயில் நின்றது கொஞ்ச நேரம்தான். குட்டி என் பின்னலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாக எடுத்தேன். அழவில்லை நான். வீட்டுக்கு வந்துதான்.

எங்களுக்கு இன்னும் பயம் இருக்கிறது. உள்ளே விடுவதை அங்கே இருக்கிற ஆபீசர்தான் முடிவு செய்வாராம்.

ஜூன் 28, புதன்

மழை. முதல் மழை, மண் வாசனை. போன் வந்ததும் குடையில்லாமல் ஓடினோம். அம்மா பேசினாள், நான் ரிசீவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றேன்.

விட்டுவிட்டார்கள். இரண்டு பேரையும். ஏன் இவ்வளவு நாள் வெளியே இருந்தாய் என்று ஆபீசர் கேட்டாராம். எங்கள் ஊரில் முதல் பிரசவம் அம்மா வீட்டில்தான் என்றாளாம் சித்தி. உன் அம்மா எந்த ஊரில் இருக்கிறார்கள் என்று கேட்டதற்கு, “விருத்தாசலம்னு சொல்லிட்டேங்க்கா, உன் அட்ரஸத்தான் குடுத்தேன்” என்றாள். குட்டி தூங்கிக்கொண்டே இருந்தானாம். சித்தப்பா கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று கையை ஆட்டிக்கொண்டே இருந்தாராம்.

அம்மா ரிசீவரைப் பிடித்துக்கொண்டே நின்றாள். மருந்துக்கடை மாமாதான் லைன் கட்டாகிவிட்டதா என்று கேட்டார்.

உத்தரத்தில் தூளி இத்தனை நாளும் தொங்கிக்கொண்டே இருந்தது. துவைக்க வேண்டும் என்று நான் சொன்னபோதெல்லாம் அம்மா அப்புறம் என்றாள். வீட்டுக்கு வந்ததும் அவளே ஸ்டூல் போட்டு ஏறி அவிழ்த்தாள். உள்ளே என் பழைய ரிப்பன் ஒன்றும் பாதி பிஸ்கட்டும். புடவையைத் துவைத்து, மழை என்பதால் சமையலறையில் காயப் போட்டாள். காய்ந்ததும் நாளைக்கு நானே கட்டிக்கொள்வேன், நல்ல புடவை என்றாள்.

குட்டிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும். படிக்கத் தெரியாவிட்டாலும். முதலில் மழை பெய்ததை எழுதலாமா, இல்லை, அப்பா விளக்கை அணைத்துவிட்டார்.