வெட்டிவேர் மேல் எழுதிய ஒரு வரி

அனுப்புநர்:
முனைவர் உஜ்வலா போகாரே,
தாவரவியல் இணைப் பேராசிரியர்,
தரம்பேட், நாக்பூர்.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம்,
நாக்பூர்.

பொருள்: கார் ஏசியின் வாயுக் கசிவுக்குத் தவறான காரணம் எழுதப்பட்டது – திருத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஏப்ரல் 21 அன்று, ஏசி குளிராததால் எங்கள் காரை இணைப்பில் கண்ட பணிமனைக்குக் கொண்டுசென்றேன். என் தந்தை திரு. வாமன் போகாரே (வயது 82) உடன் வந்தார். வாயு கசிவதாகக் கூறிய மேற்பார்வையாளர், காற்று வடிகட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு வெட்டிவேர்க் கட்டை உருவி எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். "இது காரா, மாட்டுக் கொட்டகையா மேடம்? புல்லைத் திணிச்சா ஓட்டை விழாம என்ன செய்யும்?" என்றார். பலர் சிரித்தனர். "வாடிக்கையாளர் வைத்த பொருளால் கசிவு" என்று பழுதுபார்ப்பு விவரம் எழுதும் ஜாப் கார்டில் எழுதி முத்திரையிட்டார்.

2. வேரை வைத்தவர் என் தந்தை. எங்கள் பழைய ஃபியட்டில் ஏசி இல்லை. கோடையில் வார்தாவிலுள்ள பெரியப்பா வீட்டுக்குப் போகும்போது, ஜன்னலில் ஈர வெட்டிவேர் கட்டுவார். அம்மா வழியெல்லாம் செம்பிலிருந்து தண்ணீர் தெளித்தபடி வருவார். பின்சீட்டில் என் முகத்தில் சாரல் விழும். அம்மா மறைந்த பிறகு ஏசி கார் வாங்கினோம். "குளிருது, வாசனைதான் இல்ல" என்று சொல்லி ஒவ்வொரு ஏப்ரலிலும் ஒரு கட்டு வைத்தார். இதனால் காற்று சற்றுக் குறையும் என்பதை மறுக்கவில்லை.

3. ஆனால் கசிவு அங்கே இல்லை. வேறொரு மெக்கானிக்கான ஷகீல், கசிவைக் காட்டும் சாயம் செலுத்தி விளக்கடித்துப் பார்த்ததில், காரின் முன்புறம் உள்ள ஏசி கண்டன்சரின் கீழ்மூலை மட்டுமே பச்சையாக ஒளிர்ந்தது. "ரோட்டுல தெறிச்ச கல்லடி அக்கா. பாவம், அந்த வேர் என்ன பண்ணுச்சு?" என்றார். பாகத்தை மாற்றிவிட்டேன். பழையது என்னிடம் உள்ளது. கல்லடிக்கு உத்தரவாதம் பொருந்தாது என்று அறிவேன். அதைக் கேட்கவும் இல்லை.

4. அன்றுமுதல் என் தந்தை காரில் ஏறுவதில்லை. "நான் தொட்டாலே கெட்டுப்போகுதும்மா" என்கிறார். படுக்கையில் இருக்கும் பெரியப்பாவைப் பார்க்க, இருவாரத்துக்கு ஒரு சனிக்கிழமை வார்தாவுக்கு அரசுப் பேருந்தில் போகிறார். மே 17 அன்று, நாற்பத்தாறு டிகிரி வெயிலில், வார்தா பேருந்து நிலையத்தில் இறங்கியதும் மயங்கி விழுந்தார்.

5. அவர் முப்பத்து நான்கு ஆண்டுகள் நீதிமன்றப் பதிவறையில் பணியாற்றியவர். நானும் ஷகீலும் எவ்வளவு சொல்லியும், "முத்திரை இருக்கேம்மா" என்பதுதான் பதில்.

ஆகவே, பழைய பாகத்தைப் பரிசோதித்து, அந்த வரியை நீக்கச் செய்து, கசிவுக்கு வெட்டிவேர் காரணமல்ல என்று மராத்தியில், முத்திரையுடன், என் தந்தையின் பெயருக்கே ஒரு கடிதம் கிடைக்க ஆவன செய்யுமாறு வேண்டுகிறேன். அடுத்த வார்தா பயணம் மே 31. அதற்கு முன் கிடைத்தால் நன்று. கார் இப்போது நன்றாகக் குளிர்கிறது. புதிய வேர்க்கட்டு ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நான் அதை வைக்கப்போவதில்லை. அவர்தான் வைக்க வேண்டும்.

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) உஜ்வலா போகாரே

நாள்: 19.05.2025
இடம்: நாக்பூர்

இணைப்பு: ஜாப் கார்டு நகல், ஷகீலின் அறிக்கை, கண்டன்சரின் புகைப்படம்.