கயிற்றுக்குள் வந்த கன்னிக் கல்

1955, ஐப்பசி, வெள்ளிக்கிழமை இரவு

தம்பி மகன் சின்னச்சாமி வீட்டிலேயே மரம் அறுக்கும் மிஷின் போடப் போகிறானாம். காலையில் கொல்லையில் முளையடித்துக் கொட்டகைக்குக் கயிறு கட்டிப் பார்த்தான். கயிறு எங்கள் கன்னிக் கல்லின் மேலேயே போனது. வயசுக்கு வருமுன்னே செத்துப்போன என் தங்கை வள்ளிக்கு நட்டுக் கும்பிடும் கல் அது.

“அத்தே, அந்தப் பக்கம் கெணறு. நீள மரம் நுழையணும்னா கல்லத் தள்ளித்தான் வைக்கணும்.”

“அவ என்ன ஆட்டொரலாடா, நகட்டி வைக்க?”

“அப்ப மலையில மெட்டுக்கு மேலயே மரம் அறுக்குற சோலிக்குப் போறேன். காச்சலோட வந்தா நீயே துன்னூறு பூசிவிடு.”

போன தடவை அவனைக் கட்டிலோடுதான் மலையிலிருந்து இறக்கினார்கள். பூக்கட்டிப் போட்டு வள்ளியிடமே கேட்போம் என்றேன். வெள்ளை வந்தால் சம்மதம், சிவப்பு வந்தால் இல்லை. பொட்டலம் இரண்டையும் நான்தான் கட்டினேன். கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். வெள்ளை.

“சின்ன அத்தையே சரின்னுட்டாக,” என்று சிரித்துக்கொண்டே முளையை இறுக்கினான்.

உடம்பெல்லாம் அசதி, உறக்கம்தான் வரவில்லை. மற்றப் பொட்டலத்தை யாரும் பார்க்காமல் கிணற்றில் போட்டுவிட்டேன். அதிலும் வெள்ளைதான் வைத்திருந்தேன். வள்ளி, கோபமென்றால் என்மேல் காட்டு. அவனை விட்டுவிடு.