டெங்கில் தோட்டத்துப் படிவம்

8 மார்ச் 2025, சனி

பிரிக்பீல்ட்ஸிலிருந்து ஆறே முக்காலுக்குக் கிளம்பி ஏழரைக்கெல்லாம் டெங்கிலில் தாமரையின் காய்கறித் தோட்டத்துக்குப் போய்விட்டேன். தாமரை பாயாம் கீரையை அறுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தாள். வெண்டி, பயற்றங்காய், கொஞ்சம் பச்சை மஞ்சள். ஓட்டை விழுந்த இலைகளை நான் ஒதுக்கினேன். "அதையும் கொண்டு போ. பூச்சி தின்னா நீயும் தின்னலாம்," என்றாள்.

அவள் வீட்டுக்காரர் கன்னையா அண்ணன் நல்ல உற்சாகம். மருந்தே அடிக்காமல் ஐந்து வருடம் ஆகிவிட்டதாம். இயற்கை விவசாயச் சான்றிதழுக்கு எழுதிப் போடப் போகிறார்கள். படிவம் முழுக்க மலாயில். "நீதான் எழுதித் தரணும், ஆபீஸ்ல வேலை செய்றவ," என்றாள் தாமரை.

இரண்டு வருடத்துக்கு முன்னால் எனக்கு மார்பில் ஆப்பரேஷன் முடிந்து, கீமோவில் ஒரு வாய் இறங்காமல் கிடந்தபோது, வாரம் இரண்டு தடவை பஸ் மாறி வந்து கீரை சூப் கொடுத்தவள். அப்போது நான் அவளுக்கு வெறும் வாடிக்கைக்காரி. எழுதித் தர மாட்டேனா?

12 மார்ச், புதன்

அலுவலகத்தில் புதிய கோப்பு. எங்கள் வீடமைப்பு நிறுவனம் டெங்கிலில் வாங்கியிருக்கும் நிலம். இருநூறு வீடுகள். வரைபடத்தைப் பிரித்தேன். ஆற்று வளைவு, செம்பனைத் தோட்டத்து எல்லை, நடுவில் ஒரு கொட்டகை —

கன்னையா அண்ணனின் கொட்டகை.

நிலத்துக்காரர் விற்றுவிட்டார். அவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாய்ப்பேச்சில் வாடகைக்கு இருப்பவர்கள்தானே.

மேலாளர் இராமலிங்கத்திடம், "அங்க பயிர் போடுறவங்களுக்கு எப்ப சார் சொல்வீங்க?" என்று கேட்டேன், சும்மா கேட்பதுபோல.

"மே மாசம் நோட்டீஸ் போகும். அதுவரைக்கும் வெளிய மூச்சு விடாதீங்க லா. ஆளுங்களக் கூட்டிக்கிட்டு வந்து உக்காந்துடுவாங்க. எவனாவது சொன்னான்னு தெரிஞ்சா, அன்னிக்கே வேலை காலி."

வேலை போனால் மெடிக்கல் கார்டும் போகும். ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். இந்த உடம்புக்கு இனிமேல் எவன் இன்சூரன்ஸ் தருவான்?

15 மார்ச், சனி

எழுதிக் கொடுத்தேன். பெயர், பயிர்கள், எரு எங்கிருந்து, தண்ணீர் எங்கிருந்து. இந்த நிலத்தில் இன்னும் எத்தனை காலம் பயிரிடுவீர்கள் என்று ஒரு கேள்வி. "சாகுற வரைக்கும்னு போடு," என்று சிரித்தாள் தாமரை. பத்து வருடம் என்று போட்டேன்.

என் கையெழுத்து அச்சடித்ததுபோல இருக்கிறதாம்.

16 மார்ச்

சோறு இறங்கவில்லை.

22 மார்ச், சனி

காய்ச்சல் என்று தாமரைக்குச் செய்தி அனுப்பினேன். பொய். மதியம் கன்னையா அண்ணன் மோட்டாரில் வந்து, முருங்கைக்கீரையும் இஞ்சியும் காவலாளியிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.

என் வீட்டுக்காரர் விமலனிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். "முதல்ல உன் உடம்பப் பாரு. எப்படியும் மே மாசம் தெரியத்தான் போவுது," என்றார். எனக்காகப் பயப்படுகிறார். அந்த இஞ்சியைத் தட்டிப் போட்டு அவரே டீ கலக்கிக் கொடுத்தார். குடிக்க முடியவில்லை.

29 மார்ச், சனி

சொல்லிட்டேன்.

போனபோது பாத்திகளுக்கு மேல் மழைக் கொட்டகை போடப் புதுக் குழாய்கள் வந்து இறங்கியிருந்தன. நாலு லோரி எருவுக்கும் சொல்லியாகிவிட்டதாம். இதுக்கு மேல எப்படி வாய மூடிக்கிட்டு நிக்கிறது? வரப்பில் நின்றபடியே சொல்லி முடித்தேன்.

கன்னையா அண்ணன் தலையில் இருந்த கூடையை இறக்கி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்தார். தாமரைதான் கேட்டாள்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"பன்னண்டாம் தேதி."

யோசித்தாள். "அப்ப ஃபார்ம் எழுதுறப்பவே தெரியும்."

"தெரியும்."

"பத்து வருசம்னு எழுதின."

மெடிக்கல் கார்டு, ஸ்கேன் என்று ஏதோ ஆரம்பித்தேன். "சரி, போ சீதா," என்றாள். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

8 ஏப்ரல், செவ்வாய்

எங்கள் சுபாங் ஜெயா அலுவலகத்துக்குக் கன்னையா அண்ணன் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை. முன் மேசையில் நான். எப்போதும் "தங்கச்சி" என்று கூப்பிடுகிறவர், "மேடம், மேனேஜரப் பாக்கணும்," என்றார். கண் என் மேல் படவே இல்லை.

உள்ளே இராமலிங்கம் குரலை உயர்த்தியது வெளியே கேட்டது. "யாரு உங்களுக்குச் சொன்னது?"

"நிலத்துக்காரரு வீட்டு டிரைவரு பாஸ்."

பயிர் எடுக்க ஜூன் கடைசி வரை தவணை கேட்டார். ஐந்து வருடமாக எரு போட்டு வளர்த்த மேல்மண்ணை அள்ளிப்போக அனுமதி கேட்டார். எப்படியும் வாரிக் கொட்டப் போகிற மண்தானே என்று மேலாளர் ஒத்துக்கொண்டார். எழுத்தில் வாங்காமல் அண்ணன் எழுந்திருக்கவில்லை. அந்தக் கடிதத்தையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன். "தேங்க் யூ மேடம்," என்று இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

அவர் போன பிறகு இராமலிங்கம் என் மேசைக்கு வந்தார். "நீங்க இல்லையே?"

"இல்ல சார்."

கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

10 மே, சனி

ஆறு வாரமாக என் செய்திகளுக்குத் தாமரை பதில் போடவில்லை. பாசாரில் கீரை வாங்கினேன். எங்கே விளைஞ்சது என்று கேட்டதற்கு, "லோரில வருது ஆன்டி," என்றார் கடைக்காரர்.

17 ஜூன், செவ்வாய்

தாமரை கூப்பிட்டாள். மேசையிலிருந்து எழுந்து படிக்கட்டுக்கு ஓடிப்போய் எடுத்தேன்.

"சுங்கை பூலோவுல ஒருத்தரு கொஞ்சம் இடம் குடுத்திருக்காரு. வியாழக்கிழமை மண்ணு அள்ளுறோம். ஆளு பத்தல."

வா என்று சொல்லவில்லை. நான்தான், "லீவு போடுறேன்," என்றேன்.

"ம்," என்று வைத்துவிட்டாள்.

19 ஜூன், வியாழன்

உடம்பெல்லாம் வலிக்கிறது. இருந்தாலும் எழுதிவிட்டுப் படுக்கிறேன்.

போனதும் மண்வெட்டியை எடுத்தேன். தாமரை பிடுங்கிக்கொண்டாள். இடது கையால் பாரம் தூக்கக் கூடாதென்று டாக்டர் சொன்னது அவளுக்கு நினைவிருக்கிறது. "நீ சாக்கப் புடி, போதும்."

நான் பிடிக்க, அவள் அள்ளிப் போட்டாள். கறுத்த மண், பொலபொலவென்று, சாக்குக்குச் சாக்கு மண்புழு. கன்னையா அண்ணன் கட்டித் தூக்கினார். பாத்திகள் இருந்த இடத்தில் வெளிறிய களிமண் தெரிய ஆரம்பித்தது. மன்னிப்புக் கேட்க மூன்று தடவை வாயைத் திறந்தேன். மூன்றாவது தடவை, "நேரா புடி, சிந்துது," என்றாள்.

நாலு மணிக்கு லோரி நிறைந்தது. அண்ணன் சாக்குகளின் மேல் ஏறிக்கொண்டார். நான் கை கழுவிவிட்டு என் காரைப் பார்த்து நடந்தேன். தாமரை டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்தாமல் நகர்ந்து இடம் விட்டாள்.

"எங்க போற? அங்க எறக்குறதுக்கு யாரு இருக்கா? ஏறு."