தாரணியிடம் என்ன கேட்பது?

அன்புள்ள அம்மாவுக்கு ஸ்தோத்திரம்.

இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குத் தெரிந்தால் ஆம்பூரிலிருந்து ஓடிவந்து என் படிப்பை நிறுத்திவிடுவார். போன் செய்தால் அவர்தான் எடுக்கிறார், அதனால் ஊருக்கு வரும் சாரா அக்காவிடம் கொடுத்தனுப்புகிறேன். உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது?

பயப்படாதீர்கள், சின்ன விஷயம்தான். நீங்கள் ஷூ கம்பெனியில் வேலை செய்வதால் என் துணியெல்லாம் தோல் நாற்றம் அடிக்கிறதாம். என் அறையில் இருக்கும் தாரணி என் பாயையும் போர்வையையும் மழையில் தூக்கிப் போட்டாள்.

முன்பென்றால் அவளை வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள். இப்போது விடுதியில் புது முறை ஆரம்பித்திருக்கிறார்கள். தப்பு செய்தவளும் பாதிக்கப்பட்டவளும் எதிரெதிரே உட்கார்ந்து பேச வேண்டும். வார்டன் கேத்தரின் மிஸ் அவளைத் திட்டவே இல்லை. என்னைப் பார்த்து, "பியூலா, இது சரியாகணும்னா உனக்கு இன்னா வேணும்?" என்று கேட்டார்.

என்னை யாரும் அப்படிக் கேட்டதே இல்லை.

"மன்னிப்பு கேட்டா போதும்னு சொல்லுடி, பேஜார் முடியட்டும்" என்று தாரணி முணுமுணுத்தாள்.

திங்கட்கிழமை சொல்கிறேன் என்றேன். மன்னிப்பைவிட, அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆசையாக இருக்கிறது. அதைக் கேட்கலாமா? கேட்டால் இன்னும் கோபப்படுவாளோ? அதே அறையில்தானே படுக்க வேண்டும்.

ஞாயிறு வரும்போது சொல்லுங்கள். வேறு போர்வையும் தேங்காய் எண்ணெயும் கொண்டுவாருங்கள். உங்கள் பழைய புடவையும் ஒன்று வேண்டும். துவைக்காமலே கொண்டுவாருங்கள்.

படிப்பறைக் கதவை யாரோ தட்டுகிறார்கள்.

"பியூலா, நான்தான் தாரணி. மிஸ் இல்லாம உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். தொறடி."

அம்மா, நான் கதவைத் திறக்கப்போகிறேன்.