சாக்ஸ் டிராயரில் கிடைத்த ஹால் பல்பு

என்னங்க,

ஹால் பல்பு ஃபியூஸ் போயிடுச்சுன்னு ஒரு மாசமா சொல்லிட்டிருந்தீங்க. இன்னிக்குக் காலையில அது உங்க சாக்ஸ் டிராயர்ல கிடைச்சுது. சமையலறையில மாட்டிப் பார்த்தேன், ஜோரா எரியுது.

ஹால்ல ஜப்பான்காரங்க பாணியில, உயிரோட கடல் பவளம் வளர்க்கிற கண்ணாடித் தொட்டி வைக்கிறேன்னு பாறையை ஒரு ஓரமா அடுக்கி, மீதியைக் காலியா விட்டு, மேலேயிருந்து ரெண்டு நீல விளக்கைத் தொங்கவிட்டீங்க. அழகாத்தான் இருக்கு, இல்லைன்னு சொல்லலை. அதுக்காக, "ஹால் வெளிச்சம் கண்ணாடியில அடிச்சா கடல் மாதிரியே தெரியாது"ன்னு மனுஷங்களை இருட்டுல உட்கார வைக்கிறது எந்த ஊர் நியாயம்? அந்த நீல வெளிச்சத்துல கறுப்பும் பழுப்பும் ஒண்ணாத் தெரியுது. நேத்து ஒரு கால்ல கறுப்புச் செருப்பு, இன்னொரு கால்ல பழுப்புன்னு ஆபீஸ் போய், நாள் பூரா காலை மேஜைக்கடியில ஒளிச்சு வச்சிருந்தேன்.

மதியம் உங்க தங்கச்சி வருவா. சாப்பாடு ஃப்ரிட்ஜுல இருக்கு, சூடு பண்ணிக் குடுங்க.

பல்பு இந்தச் சீட்டு மேலயே இருக்கு. நானே மாட்டியிருப்பேன். ஆனா கழட்டின கைதான் மாட்டணும்.

பி.கு: இடது ஓரத்துப் பவளம் சுருங்கிக் கிடக்கு. வெளிச்சம் ஜாஸ்தியோ என்னவோன்னு ஒரு விளக்கை அணைச்சிருக்கேன். எழுந்ததும் பாருங்க.

இன்னொண்ணு. சாயங்காலம் நான் வரும்போது ஹால்ல பல்பு எரியலைன்னா, நாற்காலியை இழுத்துத் தொட்டிக்கு முன்னாடியே போட்டு உட்கார்ந்துக்குவேன். பவளம் வாடினா உடனே தெரியுற உங்களுக்கு, அங்கேயாவது என் மூஞ்சி தெரியுதான்னு பார்க்கலாம்.