கழுவிப்போட்ட பாசி

பஸ்ஸில், மடியில் ஜாடியோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். ஜாடிக்குள் நம் ஓடையில் வளரும் வேலம்பாசி என்கிற நீர்ச்செடி. கையெல்லாம் சாக்கடை நாற்றம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த யாரோ ஓர் அம்மா வேறு சீட்டுக்குப் போய்விட்டார். எம். புதுப்பட்டியில் உன் வீட்டுக்குப் போய்விட்டுத்தான் வருகிறேன். மனசு ஒரு நிலையில் இல்லை.

சாக்கடைத் தண்ணீரின் அமோனியாவை இந்தப் பாசி எவ்வளவு குறைக்கிறது என்று பார்ப்பதுதான் லேபில் நம் இருவருக்கும் வேலையாக இருந்தது. முதல் நாளே சொன்னாய்: "கழுவாதீக க்கா. செடி மேல வழுவழுன்னு இருக்குல்ல, அதுல இருக்க பாக்டீரியாதான் அம்புட்டு வேலையும் பாக்குது. அமோனியாவ நைட்ரேட்டாக்கி, அப்புறம் வெறுங்காத்தா விட்டுரும்." நம்ம ஊர்ப் பட்டாசில் போடுகிற வெடியுப்பும் நைட்ரேட்தான், அதுவும் கடைசியில் காற்றோடுதானே போகிறது என்று சிரித்தாய். எனக்கோ அசிங்கம் பார்க்கிற புத்தி. நீ அந்தப் பக்கம் போனதும் குழாயைத் திறந்து இலை இலையாகத் தேய்த்துவிடுவேன்.

நீ போட்ட ஜாடிகளில் மறுநாள் அமோனியா குறைந்தது. நான் போட்டவற்றில் அப்படியே நின்றது. பொறுப்பாளர் கேட்டபோது, நீதான் லேபிளை மாற்றி ஒட்டியிருப்பாய் என்று சொல்லிவிட்டேன். நீ என்னைப் பார்த்தாய்.  அந்த வாரமே உன்னை நிறுத்திவிட்டார்கள். அடுத்த மழைக்காலத்தில் மஞ்சள் காமாலை வந்து நீ இறந்தே போய்விட்டாய்.

போன வாரம் லேபில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வேறு வழியில்லாமல் பாசியைக் கழுவாமல் அப்படியே ஜாடியில் போட்டேன். மறுநாள் அமோனியா குறைந்திருந்தது. நான் கழுவியதுதான் காரணம் என்று அப்போதுதான் உறைத்தது. பொறுப்பாளரிடம் ஓடிப்போய், தப்பு என்னுடையது என்றேன். போன பிள்ளைக்கு இனி அதனால் என்னம்மா என்றார்.

உன் அம்மாவுக்கு அது முக்கியம்தானே. இன்று ஜாடியைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னேன். அப்போதுதான் பட்டாசுக் கம்பெனியிலிருந்து வேலை முடிந்து வந்திருந்தார். விரலிடுக்கில் வெடிமருந்துப் பொடி இன்னும் போகவில்லை. ஜாடியை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பாசியைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்கிட்ட, வேலை பிடிக்கல, நின்னுட்டேன்னுதான் சொன்னா. உங்களப் பத்திப் பேசுனா, அந்தக்கா எம்புட்டுச் சுத்தமா வேலை பாப்பாக தெரியுமாம்மான்னுதான் சொல்லுவா."

சாப்பிட்டுப் போகச் சொன்னார். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

நீ ஒரு தடவை திட்டியிருக்கலாம். பஸ் திருத்தங்கலைத் தாண்டிவிட்டது, ஜாடியைக் கீழே வைக்கவும் மனம் வரவில்லை. இனி எந்த ஜாடி கெட்டாலும் முதலில் என் கையைத்தான் பார்ப்பேன்.